காட்சி, கருதல், கேபிள்

பிளேயரிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் கேபிளுக்கு வேலை ஒன்றுதான்: ஒரு முனையில் நுழைந்தது மறுமுனையில் அப்படியே வெளிவர வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, எதையும் விழுங்கக் கூடாது. தான் நடுவில் இருப்பதே தெரியாதபடி இருக்கும் கேபிள்தான் நல்ல கேபிள். ஆனால் அப்படி ஒரு கேபிள் கையில் இருக்கிறது என்பதை டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் எதைக் கொண்டு அறிவார்? வட்டில் பதிந்திருக்கும் மூலத்தை அவர் ஒருபோதும் நேரில் காண்பதில்லை. கேபிளைக் கடந்து திரைக்கு வந்துசேர்ந்ததை மட்டுமே காண்கிறார். வந்ததை வைத்து, வழியில் எதுவும் நேரவில்லை என்று முடிவு கட்ட வேண்டியிருக்கிறது. கடையில் எந்தக் கேபிளை வாங்குவது என்ற கேள்விக்குள், அறிவு எப்படிப் பிறக்கிறது, எப்போது அதை நம்பலாம் என்ற பழைய தத்துவக் கேள்வி இருக்கிறது.

இந்தியத் தத்துவ மரபுகள் இந்தக் கேள்வியை அளவை அல்லது பிரமாணம் (அறிவு பெறும் வழி) என்ற தலைப்பில் நெடுங்காலம் வாதிட்டன. சார்வாகர் காட்சி ஒன்றே போதும் என்றனர். திக்நாகர், தர்மகீர்த்தி வழிவந்த பௌத்தர் காட்சி, கருதல் (ஊகித்தறிதல்) என இரண்டை ஏற்றனர். நியாய மரபு நான்கு என்றது. மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து அளவைகளை எண்ணுகிறான். அதே காப்பியத்தில் காஞ்சியில் அறவண அடிகள் இரண்டுக்குள் எல்லாவற்றையும் அடக்குகிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பத்தையும் சொல்லிவிட்டு, அவை காண்டல் (காட்சி), கருதல், உரை (நம்பத்தக்கவரின் சொல்) ஆகிய மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். கேபிள் விவகாரத்துக்கு இந்த மூன்றும் போதும். ஆனால் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே வலிமையோடு நிற்பதில்லை. பழைய அனலாக் கேபிள்களில் கண்ணே நீதிபதி. ஹெச்டிஎம்ஐ வந்த பிறகு கண்ணின் அதிகாரம் பெரிதும் சுருங்கிவிட்டது. இதை உணராததால்தான் வாங்குவோர் பலர் தேவையில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

பழைய டிவிடி பிளேயரின் பின்புறம் இருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளில் பின்னிரண்டும் ஒலிக்கு உரியவை. படம் முழுவதும் மஞ்சள் கேபிள் ஒன்றின் வழியே போகிறது. காம்போசிட் என்னும் இந்த முறையில் வெளிச்ச அளவும் நிறமும் ஒரே அலையாகக் கலந்திருக்கும். இந்தக் கலப்புக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1953இல் அமெரிக்கா வண்ண ஒளிபரப்புக்கான முறையை ஏற்றபோது, வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் அதே ஒளிபரப்பு தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் நிறத் தகவலைத் துணை அலை ஒன்றில் ஏற்றி வெளிச்ச அலைக்குள்ளேயே செருகினார்கள். இந்தியா உட்படப் பல நாடுகள் பின்பற்றிய பால் முறையும் இதே வழியில் சென்றது. அதில் துணை அலையின் அதிர்வெண் சுமார் 4.43 மெகாஹெர்ட்ஸ். ஒருமுறை கலந்ததை டிவி மறுபடி பிரிக்க வேண்டும். அது முழுமையாக நடப்பதில்லை. செய்தி வாசிப்பவரின் சட்டையில் நெருக்கமான கோடுகள் இருந்தால் அங்கே வானவில் நிறங்கள் மினுங்கும். சிவப்புச் சேலையின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பு வரிசைபோல ஊரும். டிவிடி வட்டில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகவே பதிவாகியிருக்கின்றன என்பது இதில் வேடிக்கை. பிரித்து வைத்திருப்பதைப் பிளேயர் கலந்து அனுப்புகிறது. டிவி அரைகுறையாகப் பிரித்தெடுக்கிறது.

1987இல் எஸ்-விஹெச்எஸ் நாடாக்களோடு பரவிய எஸ்-வீடியோ இந்தக் கலப்பைத் தவிர்த்தது. நான்கு ஊசிகள் கொண்ட அந்தச் சிறு வட்ட முனையில் வெளிச்சம் ஒரு வழியிலும் நிறம் ஒரு வழியிலும் போகும். காம்பொனென்ட் இன்னும் ஒரு படி மேலே. பச்சை, நீலம், சிவப்பு என மூன்று கேபிள்கள். பச்சையில் வெளிச்ச அளவு, மற்ற இரண்டிலும் நிற வேறுபாடுகள். காம்போசிட்டும் எஸ்-வீடியோவும் சாதாரணத் தெளிவுப் படத்தோடு நின்றுவிட, காம்பொனென்ட் 576பி, 720பி, 1080ஐ வரை தாங்கும். அனலாக் துளைகள் மட்டுமே உள்ள பிளேயருக்குத் தேர்வு வரிசை இதனால் தெளிவு: காம்பொனென்ட் இருந்தால் அது, இல்லையேல் எஸ்-வீடியோ, எதுவும் இல்லாவிட்டால் மஞ்சள். சந்தேகப்படுபவர் பெரிய திரையில் இரண்டு வகைக் கேபிள்களை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். துணைத்தலைப்பு எழுத்துகளின் ஓரமே பதில் சொல்லிவிடும். இங்கே காட்சி அளவையே போதும். பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை.

காட்சியில் திரிபு வரும் என்பதைத் தத்துவ நூல்கள் மறைக்கவில்லை. ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்று சைவ சித்தாந்தம் பிரித்துப் பேசுகிறது. தர்மகீர்த்தியின் நியாயபிந்து, திரிபுக்குக் காரணங்களாகக் கண்நோய், வேகச் சுழற்சி, படகுப் பயணம், உடற்கலக்கம் ஆகியவற்றைச் சொல்கிறது. பித்தம் பிடித்தவனுக்குச் சங்கு மஞ்சளாகத் தெரிவதும், கண்நோய் உள்ளவனுக்கு நிலா இரண்டாகத் தெரிவதும் வாதநூல்களில் திரும்பத் திரும்ப வரும் எடுத்துக்காட்டுகள். அனலாக் கேபிள் இந்த எடுத்துக்காட்டுகளுக்கெல்லாம் திரையில் உருவம் கொடுக்கிறது. காம்பொனென்டின் நீலத்தையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகினால் மனித முகம் நீலம் பாரிக்கும். பச்சையை மட்டும் செருகினால் படம் கறுப்பு வெள்ளையில் வரும். படக் கேபிளுக்கு 75 ஓம் மின்மறுப்பு என்பது விதி. அது பொருந்தாத நீளமான கேபிளில் அலையின் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பி, மறுபடி வந்து சேர்கிறது; ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் மங்கலான இன்னொரு உருவம் தோன்றும். இரண்டு நிலா இதுதான். ஒரு வேறுபாடு உண்டு. பித்தத்தில் குற்றம் கண்ணில் இருக்கிறது. இங்கே குற்றம் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில். ஆகவே பிழையைக் கண்டுபிடிக்கும் கருவியாகக் கண்ணையே நம்பலாம். முகம் நீலமாக இருப்பதைக் கண்டு எவரும் நடிகருக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பதில்லை, கேபிளைத்தான் சரிபார்க்கிறார்கள்.

வேகச் சுழற்சி என்று நியாயபிந்து சொல்வது கொள்ளிவட்டம்: எரியும் கொள்ளியைச் சுழற்றினால் தீ வளையம் தெரிகிறது, வளையம் ஒன்று அங்கே இல்லை. நொடிக்கு 24 அல்லது 25 நிலைப்படங்களை அசையும் உருவமாகக் காட்டும் டிவி முழுக்க முழுக்கக் கொள்ளிவட்டம்தான். திரிபை அடித்தளமாகக் கொண்ட ஒரு கருவியில் உண்மைத்தன்மையைப் பற்றிக் கவலைப்படுவது முரணாகப்படலாம். ஆனால் கேள்வி, திரையில் தெரிவது உலகத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதன்று. வட்டில் இருப்பதற்கு உண்மையாக இருக்கிறதா என்பதே. அதிலும் கேபிளின் பொறுப்பு எல்லைக்குட்பட்டது. பால் முறை டிவிடியில் ஒரு படச் சட்டத்துக்கு 720 × 576 புள்ளிகள். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட டிவி அதைவிட ஐந்து மடங்கு பெரிது. அதாவது திரையில் ஐந்தில் நான்கு பங்கு, பிளேயரோ டிவியோ அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்பியது. இந்தக் கணிப்பு நன்றாக இருப்பதும் மோசமாக இருப்பதும் கேபிளைச் சேராது. டிவிடி மங்கலாகத் தெரிகிறது என்று விலையுயர்ந்த கேபிள் வாங்குவோர் குற்றவாளியை விட்டுவிட்டுச் சாட்சியைத் தண்டிக்கிறார்கள்.

2002 டிசம்பரில் ஹெச்டிஎம்ஐயின் முதல் விதிமுறை வெளிவந்தது. ஹிட்டாச்சி, பானாசோனிக், பிலிப்ஸ், சோனி, தாம்சன், தோஷிபா, சிலிக்கான் இமேஜ் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இந்த 19 ஊசி இணைப்பு, படத்தையும் ஒலியையும் எண்களாகவே கொண்டுபோகிறது. அனலாக் கேபிளில் மின்னழுத்தத்தின் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் பொருள் உடையது. கொஞ்சம் குறைந்தால் படம் கொஞ்சம் இருளும். ஹெச்டிஎம்ஐயில் தகவல் கம்பிகள் இரண்டிரண்டாக ஓடுகின்றன. ஓர் இணையில் எந்தக் கம்பியில் அழுத்தம் கூடுதல் என்பது ஒன்றை மட்டுமே டிவி கவனிக்கிறது. எவ்வளவு கூடுதல் என்பது அதற்குத் தேவையில்லை.

இந்த இடத்தில் திக்நாகரின் அபோகக் கொள்கை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. இரண்டு பசுக்கள் எந்த வகையிலும் ஒன்றல்ல. கணந்தோறும் மாறும் தனித்தனிப் பொருள்கள். அவற்றைப் பசு என்று ஒரே பெயரால் அழைப்பது, அவற்றுக்குள் பசுத்தன்மை என்று ஒரு நிலையான பொருள் இருப்பதால் அல்ல. பசு அல்லாதவற்றிலிருந்து அவை இரண்டும் விலக்கப்படுவதால். இதுவே கொள்கையின் சாரம். நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. பொதுத்தன்மை என்பது உண்மையாகவே இருக்கும் ஒன்று என்று பல நூற்றாண்டுகள் எதிர்த்து வாதிட்டனர். அவ்வாதத்தில் யார் வென்றார்கள் என்பதற்கு இங்கே இடமில்லை. ஆனால் டிஜிட்டல் கருவி வேலை செய்வது பௌத்தர் சொன்ன வழியில்தான். கேபிளின் முனைக்கு வந்துசேரும் துடிப்புகளில் எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று கூர்மையாக வரும், ஒன்று மழுங்கி வரும். சுழி அல்லாதவை என்ற விலக்கு ஒன்றாலேயே அவை எல்லாம் ஒன்று என எண்ணப்படுகின்றன. மழுங்கல் எல்லை தாண்டாதவரை, மழுங்கியதே பதிவில் ஏறாது. வழியில் நேர்ந்த சிறு சேதங்கள் அனைத்தும் முனையில் துடைக்கப்பட்டுவிடுகின்றன.

இதன் விளைவு பெரியது. அனலாக்கில் மூலத்துக்கும் வந்ததற்கும் உள்ள உறவு ஒப்புமை. ஒப்புமைக்குக் கூடுதல் குறைவு உண்டு. டிஜிட்டலில் அந்த உறவு ஒருமை. அனுப்பிய எண்ணே வந்திருக்கிறது, அல்லது வேறு எண் வந்திருக்கிறது. நடுவே படிகள் இல்லை. கிளாட் ஷானன் 1948இல் எழுதிய தகவல் தொடர்புக் கோட்பாட்டுக் கட்டுரையில், செய்தியின் பொருள் என்ன என்பது பொறியாளரின் சிக்கலுக்கு வெளியே நிற்கிறது என்று ஒதுக்கிவிட்டு, ஓரிடத்தில் தேர்ந்த செய்தியை இன்னோரிடத்தில் மீட்பது எப்படி என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஹெச்டிஎம்ஐ கேபிள் அந்த மனநிலையின் குழந்தை. அதற்குள் ஓடுவது திருமணக் காட்சியா, போர்க்களமா, வெறும் நீலத் திரையா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே கண்ணால் சொல்லக்கூடியவை சிலவே. படம் வருகிறது, அல்லது வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய விளிம்பு உண்டு: வெள்ளைப் புள்ளிகள் ஆங்காங்கே பொறிபோல மின்னும், அல்லது ஓரிரு நொடி திரை கறுத்துப்போய்த் திரும்பும், ஒலி அறுபடும். இவை கேபிள் தடுமாறுகிறது என்பதற்கான அடையாளங்கள். இந்தக் கேபிளில் நிறம் கொஞ்சம் செழுமை, அந்தக் கேபிளில் கொஞ்சம் மந்தம் என்ற தீர்ப்புக்கு இங்கே வழியே இல்லை.

ஆயினும் கேபிளை மாற்றியதும் படம் துலங்கியது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று கொள்ளத் தேவையில்லை. இங்கேதான் கருதல் அளவை வேலைக்கு வருகிறது. படம் கூர்மையாக வேண்டுமானால், உருவங்களின் ஓரம் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து, ஓரத்தின் இருபுறமும் உள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளின் எண்களை ஒன்றோடொன்று பொருந்தும்படி மாற்ற வேண்டும். படத்தைப் படிக்கத் தெரிந்த மின்சுற்று இருக்கும் இடத்தில்தான் இது நடக்கும். வெறும் செம்புக் கம்பியில் அத்தகைய சுற்று இல்லை. மேலும், ஒவ்வொரு 8 பிட் எண்ணும் 10 பிட்டாக மாற்றி எழுதப்பட்டே கம்பியில் ஓடுகிறது. திரைப்பட வட்டு என்றால் ஹெச்டிசிபி என்னும் பூட்டும் சேர்ந்துகொள்கிறது. எந்தப் புள்ளி வெளிச்சமானது, எது இருண்டது என்பதைக் கம்பிக்குள் எட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. கேபிள் பிழை செய்தால் அந்தப் பிழை கண்மூடித்தனமாக விழும். புள்ளி மின்னும், படம் அறும். ஓரங்களைத் தேடிப்பிடித்து அழகாக்கும் பிழை என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் அவர்கள் கண்டது என்ன? மீமாம்சகர் இதற்கென்றே ஓர் அளவையைத் தனியாக வைத்திருந்தார்கள். தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனால் பருத்திருக்கிறான். எனவே இரவில் உண்கிறான். அருத்தாபத்தி எனப்படும் இந்த வழி, இரண்டு உண்மைகள் முட்டிக்கொள்ளும்போது கண்ணில் படாத மூன்றாவதைத் தேடச் சொல்கிறது. கேபிளால் படத்தைத் துலக்க முடியாது, படம் துலங்கியிருக்கிறது, எனவே கேபிளோடு சேர்ந்து வேறு ஏதோ மாறியிருக்கிறது. தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். பல டிவிகள் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனிப் பட அமைப்பை நினைவில் வைத்திருக்கின்றன. கேபிளைக் கழற்றியவர் வேறு துளையில் செருகியிருப்பார். இணைப்பு ஏற்படும்போது டிவி தன்னால் ஏற்கக்கூடியவற்றைப் பட்டியலிட்டுப் பிளேயருக்குத் தெரிவிக்கிறது. மறுபடி செருகியபோது பிளேயர் முன்பைவிட உயர்ந்த தெளிவைத் தேர்ந்திருக்கும். பழைய கேபிள் உண்மையிலேயே பழுதாகி, குறைந்த தெளிவில்தான் இணைப்பு நின்றிருக்கவும் கூடும். இவை எதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது பார்ப்பவரின் எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரே ஒயினுக்கு 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் இரண்டு விலை சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடியதாகச் சொல்லப்பட்டதைக் குடித்தவர்கள் அதையே சுவையானது என்றார்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியின் செயல்பாடும் கூடியிருந்தது. 2008இல் அமெரிக்காவில் வெளியான இந்த ஆய்வு சொல்வது, அவர்கள் நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படி உணர்ந்தார்கள் என்பதே. அனுபவம் உண்மை, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் தவறு. மனத்தின் ஒப்பனை கலப்பதற்கு முந்தியதே தூய காட்சி என்று பௌத்த அளவையியலார் வற்புறுத்தியதன் நியாயம் இத்தகைய இடங்களில் விளங்குகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கேபிளைக் கழற்றி இன்னொன்றைச் செருகிப் படம் வருவதற்குள் அரை நிமிடமாவது ஆகிவிடும். பிறகு ஒப்பிடப்படுவது கண்முன் இருக்கும் படமும் முந்தைய படத்தின் நினைவும். நியாய மரபு நினைவை மெய்யறிவின் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்பு பெற்ற அறிவின் தடயம் மட்டுமே அது என்று விலக்கி வைக்கிறது. நினைவுக்கு எதிராகக் காட்சியை நிறுத்தித் தரும் தீர்ப்பு, காட்சியின் தீர்ப்பு ஆகாது. காம்போசிட்டுக்கும் காம்பொனென்டுக்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருப்பதால் நினைவு தாக்குப்பிடிக்கிறது. நுண்ணிய வேறுபாடுகளுக்கு, எந்தக் கேபிள் என்று பார்ப்பவருக்கும் காட்டுபவருக்கும் தெரியாதபடி பலமுறை மாற்றிச் சோதிப்பது ஒன்றே வழி. இரண்டு கேபிள்களிலிருந்தும் வெளிவரும் எண்களைப் பதிவுசெய்து நேருக்கு நேர் ஒப்பிட்டால் அதைவிட உறுதி. அப்போது கண்ணுக்கு வேலையே இல்லை.

காட்சியும் கருதலும் இவ்வளவு தூரம்தான் வரும். 18 கிகாபிட் வேகம் தாங்கும் கேபிளையும் தாங்காததையும் கடையில் கையில் எடுத்துப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. தடிமன், பின்னல் உறை, பொன்முலாம் எதுவும் அதைச் சொல்லாது. பொன்முலாம் முனை துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவே. மிச்சத்துக்கு ஒருவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். உரை அளவையின் சிக்கல் எப்போதும் ஒன்றுதான்: யார் சொல்வதை? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவருக்கு இலக்கணம் வகுக்கிறார். சொல்லும் பொருளை அவர் நேரடியாக அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். முனிவர், ஆரியர், மிலேச்சர் என்ற வேறுபாடு இதில் இல்லை என்றும் சேர்க்கிறார். குலத்தையும் பட்டத்தையும் ஒதுக்கிவிட்டு அறிவையும் நேர்மையையும் மட்டும் கேட்ட இந்த இலக்கணம் இன்றைக்கும் பழையதாகவில்லை. கடைப் பையன் பெரும்பாலும் முதல் நிபந்தனையில் தவறுவான், விளம்பரம் இரண்டாவதில்.

இரண்டையும் ஓரளவு நிறைவேற்றுவது சான்றிதழ். அதைப் படிக்க ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். 1.4, 2.0, 2.1 என்னும் பதிப்பு எண்கள் கருவிகளுக்கு உரியவை. கேபிள்களை அந்த எண்களால் விற்கக் கூடாது என்பது ஹெச்டிஎம்ஐ உரிம அமைப்பின் விதி. கேபிளுக்கு உரியது வகைப்பெயர். ஹை ஸ்பீடு என்பது நொடிக்கு 10.2 கிகாபிட் தாங்கும். பிரீமியம் ஹை ஸ்பீடு 18. அல்ட்ரா ஹை ஸ்பீடு 48. பின்னிரண்டுக்கும் பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சான்று முத்திரை இருக்கும். முத்திரை இல்லாமல் 2.1 கேபிள் என்று மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், அது நம்பத்தக்கவரின் உரை அன்று.

எவ்வளவு வேகம் தேவை என்பதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். 576பி டிவிடிக்கு 0.81 கிகாபிட் போதும். நொடிக்கு 24 சட்டங்கள் கொண்ட 1080பி புளூ-ரே திரைப்படத்துக்கு ஏறக்குறைய 2.2. அதே தெளிவு 60 சட்டங்களில் 4.5. 4கே திரைப்படம் 24 சட்டங்களில் 8.9, 4கே 60 சட்டங்களில் 17.8. திரைப்படங்கள் பெரும்பாலும் 24 சட்டங்களில்தான் எடுக்கப்படுகின்றன. எனவே 4கே வட்டுக்குக்கூட ஹை ஸ்பீடு கேபிள் பல நேரம் போதுமானதாக இருக்கும். பிரீமியம் ஹை ஸ்பீடு தாராளம். 48 கிகாபிட் கேபிளைத் தேடுவது நொடிக்கு 120 சட்டங்களில் விளையாடும் கேம் கருவிகளின் கவலை. வட்டுப் பிளேயருக்கு அது தேவையில்லை.

உரையால் மட்டுமே அறியக்கூடிய ஒரு வகை உண்மையும் இந்தத் துறையில் இருக்கிறது. தருமம் என்பது விதியாகையால் அதைக் கண்ணால் காணவோ ஊகித்து அறியவோ முடியாது, சொல்லால் மட்டுமே அறிய முடியும் என்பது மீமாம்சையின் அடிப்படை. கேபிள் உலகிலும் விதிகள் உண்டு. புளூ-ரே வட்டுகளின் பூட்டை நிர்வகிக்கும் ஏஏசிஎஸ் விதிப்படி, 2010 இறுதிக்குப் பின் தயாரான பிளேயர்கள் அனலாக் வழியே சாதாரணத் தெளிவை மட்டுமே தரலாம். 2013 இறுதிக்குப் பின் தயாரானவை அனலாக்கில் படமே தரக் கூடாது. காம்பொனென்ட் கேபிளால் உயர்தெளிவுப் படத்தைச் சுமக்க முடியும் என்பது மாறவில்லை; சுமக்கக் கூடாது என்று ஆணை வந்துவிட்டது. அதேபோல 4கே வட்டுக்கு இரு முனையிலும் ஹெச்டிசிபி 2.2 வேண்டும். ஒரு முனையில் அது இல்லாவிட்டால் குற்றமற்ற கேபிளின் மறுமுனையில் 4கே படம் வராது. கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் அது ஏன் வரவில்லை என்பது விளங்காது. விதியைப் பிறர் சொல்லக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

சான்றிதழையும் சந்தேகிக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். சான்றளித்தவரைச் சோதித்தது யார், அவரைச் சோதித்தவரை யார் என்று கேள்வி முடிவில்லாமல் பின்னோக்கிப் போகும். இந்தப் பின்னோட்டத்தை முன்னிட்டே குமாரிலபட்டர் வழிவந்த மீமாம்சகர், அறிவு தோன்றும்போதே செல்லுபடியாகித் தோன்றுகிறது, அதை மறுக்கும் இன்னோர் அறிவு வரும்வரை செல்லும் என்றனர். நியாய மரபினர் ஒப்பவில்லை. தண்ணீர் என்று நினைத்துப் போனவனுக்குத் தாகம் தீர்ந்தால்தான் அது தண்ணீர் என்ற அறிவு மெய்ப்படும். செயலின் வெற்றியே சான்று என்றனர். தத்துவமாக இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஹெச்டிஎம்ஐ கேபிளில் மட்டும் இரண்டு கட்சியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. பொறி மின்னாமல், திரை கறுக்காமல், ஒலி அறாமல் ஒரு முழுப் படம் ஓடினால் செயல் வெற்றி பெற்றுவிட்டது. மறுக்கும் அறிவும் எழவில்லை. அதற்கு மேலும் சந்தேகிப்பவருக்கு 10ஆம் நூற்றாண்டு நியாய அறிஞர் உதயனர் பதில் வைத்திருக்கிறார்: தன் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் சந்தேகம் நின்றுவிட வேண்டும். தினமும் அதே கேபிளில் முகம் சுளிக்காமல் படம் பார்த்துவிட்டு, கேபிளைப் பற்றி ஐயப்படுவது அத்தகைய முரண்.

நியாயமான சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. செம்புக் கேபிளின் நீளம் கூடக் கூட விளிம்பு நெருங்கும். 4கே 60 சட்டங்களுக்கு ஐந்து மீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை தேவை. சுவருக்குள் பதிக்கும் நீண்ட தூரத்துக்கு ஒளியிழைக் கேபிள் ஏற்றது. அதில் பிளேயர் முனை, டிவி முனை என்று குறி இருக்கும். மாற்றிச் செருகினால் படம் வராது. சுவருக்குள் போவதற்கு முன்பே எந்தக் கேபிளையும் வெளியில் வைத்து ஒரு முழுப் படம் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

மற்றபடி வீட்டுக் கூடத்தில் டிவிக்குக் கீழே இருக்கும் பிளேயருக்கு இரண்டு மீட்டர் கேபிள் தாராளம். டிவிடிக்கும் புளூ-ரேக்கும் ஹை ஸ்பீடு, 4கே வட்டுக்குச் சான்று முத்திரையுள்ள பிரீமியம் ஹை ஸ்பீடு. அதற்கு மேல் கொடுக்கும் பணம் உறையின் உறுதிக்கும் முனையின் பளபளப்புக்கும் போகிறது. திரையில் தெரியும் படத்துக்குப் போவதில்லை.